மொம்பாசா என்று எழுதிய மூட்டை

வாட்டில் மரத்தின் பட்டை நனைந்தால் ஒரு வாசனை வரும். ஆறிப்போன தேநீரும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த மாதிரி. நாக்கின் ஓரம் தானாகச் சுருங்கும். நேட்டால் மலைச்சரிவில் மழை ஓய்ந்த காலைகளில் என் அப்பாவின் சட்டை அப்படித்தான் மணக்கும். அவர் உரித்துப் போட்ட மரங்கள் சரிவெங்கும் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். அந்த வாசனை, கடல் தாண்டி, திண்டுக்கல்லில், ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட குதிரை வண்டிக்குள் வந்து என் முகத்தில் மோதியது.

"வண்டியை நிறுத்துங்கள்" என்றேன்.

"இங்கயா?" வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இது தோல் ஷாப்பு சார். இங்க எறங்குறதா இருந்தா மூக்க வீட்ல வச்சிட்டு வந்திருக்கணும்."

மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோல் பதனிடும் இடத்தை இங்கே தோல் ஷாப் என்கிறார்கள். சுண்ணாம்பும் ஆட்டுத் தோலும் அழுகலும் கலந்த நாற்றத்துக்கு நடுவில் அந்த ஒரு இழை மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. ஆம், கேட்டது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

உள்ளே போவதற்கு முன், நான் ஏன் இந்த ஊரில் இருந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். அப்பா பதினேழு வயதில் கிரிமிட்டு என்கிற கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து நேட்டாலுக்குக் கப்பலேறியவர். குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு துண்டு மானாவாரிக் காடு இத்தனை வருஷமும் அவர் பெயரிலேயே கிடந்திருக்கிறது. அவர் செத்தும் போனார், அப்படி ஒரு காடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதை உழுது வந்த அத்தை மகள் வெள்ளையம்மா கிணறு வெட்டக் கடன் கேட்டுப் போன இடத்தில், "காட்டுக்காரன் கையெழுத்து எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். கடுதாசி எங்களுக்கு வந்தது. கையெழுத்தைத் தபாலில் அனுப்ப வழியில்லை. இது இன்னார் கையெழுத்துத்தான் என்று முத்திரை குத்த எங்கள் ஊரில் இந்திய அலுவலகம் இல்லை, மூடிவிட்டுப் போய்விட்டார்கள். எங்களைத் தென்னாப்பிரிக்க அரசு நடத்துகிற விதத்துக்காக இந்தியா முதலில் வியாபாரத்தை நிறுத்தியது, பிறகு பேச்சையும் நிறுத்தியது. ஆக, ஒரு கையெழுத்து தன்னைத் தானே சுமந்துகொண்டு கப்பலேற வேண்டியதாயிற்று.

வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி இந்தியாவைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். பதினாறு வருஷத்துக்கு முன் டர்பன் கூட்டமொன்றில் மேடையேறி, எங்கள் ஊர்ச் சரக்கை வாங்காதே தாயே, அதில் எங்கள் வியர்வை இல்லை, எங்கள் தழும்பு இருக்கிறது என்று வசனமாய் ஒன்று படித்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற என் தம்பி சின்னக்கருப்பனும் தட்டினான். அவன் அப்பாவைப் போலவே பட்டை உரிப்பவன். ஆறே மாதத்தில் எஸ்டேட் துரை, இந்தியா வாங்கவில்லை என்று சொல்லி, முதலில் இந்தியர்களை வீட்டுக்கு அனுப்பினான். அந்த வருஷம் தம்பியின் மகள் பள்ளிக்கூடத்தை விட்டாள். என் வசனத்தை அச்சடித்து விற்றார்கள். அது தீர்ந்துபோய் இரண்டாம் முறையும் அச்சடித்தார்கள்.

இந்தத் தடவை கப்பல் துறைக்கு வழியனுப்ப வந்த தம்பி சொன்னான்: "இப்போ கொஞ்ச மாசமா வாரத்துக்கு அஞ்சு நாள் வேலை வருது அண்ணே. யாரோ வாங்குறாங்க. யாருன்னு நீ கேக்காதே."

தோல் ஷாப்பின் கொட்டகையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையில் ஓரம் கிழிந்து, சிவப்புப் பட்டைத் துண்டுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிந்திக் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.

"யாரது, மூட்டைய மோந்து பாக்குறது? பூனையா, ஆபீசரா?"

அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, மூட்டிய லுங்கி, முழங்கை வரை பட்டைச் சாயம் ஏறிப் பழுத்த கைகள். காசிம் ராவுத்தர். கடைக்குச் சொந்தக்காரர் அவர்தான் என்று அந்தக் கைகளைப் பார்த்தால் சொல்ல முடியாது.

"ஆபீசர் இல்லை. இந்த மரம் எங்கள் ஊரில் உண்டு."

"எந்த ஊரு?"

"நேட்டால். தென்னாப்பிரிக்கா."

அவர் முகத்திலிருந்த கேலி அப்படியே இறங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க. அல்லாதான் அனுப்பிருக்கான்" என்றார்.

அவர் சொன்னது இது. அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், காலத்தில் நேட்டால் பட்டைதான் வந்துகொண்டிருந்தது. நல்ல பட்டை, தோல் பட்டு மாதிரி வரும். ஆனால் அந்த நாட்டில் இந்து முறையிலும் முஸ்லிம் முறையிலும் செய்த கல்யாணம் செல்லாது என்று ஒரு தீர்ப்புச் சொன்னார்களே, அந்தச் செய்தி அந்தக் காலத்திலேயே திண்டுக்கல்வரை வந்து அத்தாவின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கியிருந்தது. "நிக்காஹ் பண்ணுன பொஞ்சாதிய வப்பாட்டிங்குறான். அவன் மரத்துத் தோலை உரிச்சு என் தோலுக்குப் போடணுமா?" என்று கிழவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வந்திருக்கிறார். சர்க்கார் தடை போட்டதும் முதல் ஆளாய் நிறுத்தினார். சாகும்போது, "சர்க்கார் மறந்தாலும் நீ மறக்காத" என்றாராம்.

"அன்னையிலருந்து ஆவாரம் பட்டைதான். அது பத்தாத நேரம் கெழக்கு ஆப்பிரிக்காப் பட்டை, மொம்பாசா வழி வாரது. இந்தா பாருங்க, காகிதத்துல மொம்பாசா. மூட்டையில மொம்பாசா." ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். பதனிடுகிறவர்கள் பட்டையை அப்படித்தான் பார்ப்பார்கள். நாக்குத்தான் அவர்களுடைய தராசு. "ஆனா வாய் வேற சொல்லுது சார். இம்புட்டுத் துவர்ப்பு அதுல கெடயாது. மெட்ராஸ் தரகன்ட்ட வாங்கச் சொன்னது என் மருமகன். அவன்ட்டக் கேட்டா, 'மாமு, காகிதத்தப் பாக்காம பட்டையத் திங்கிறீங்களே'ங்குறான்."

துப்பினார். "நீங்க சொல்லுங்க. நேட்டால்னா இன்னைக்கே திருப்பிருவேன். உங்க சனத்த மிதிக்கிறவன் சாமான் இங்க கெடக்கக் கூடாது."

உங்கள் சனத்துக்காக என்கிறார். நான் மூட்டைக்குள் கையை விட்டேன். பட்டையைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே இயந்திரம் கட்டோடு வைத்து நறுக்கும். நறுக்கிய துண்டுகளில் சில சமயம் கட்டின் முடிச்சு மட்டும் நறுங்காமல் தப்பி விழுந்துவிடும். என் விரல்களுக்கு அது அகப்பட்டது. பட்டை நாரையே முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, மேலே ஒரு சின்னக் காது விட்ட முடிச்சு. அப்பா போட்ட முடிச்சு. அப்பா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு. சூலுக்காரர்கள் வேறு மாதிரிக் கட்டுவார்கள், தெலுங்குக்காரர்கள் வேறு. எங்கள் சரிவில் இப்படிக் கட்ட இப்போது இருப்பது சின்னக்கருப்பனும், அவன் பழக்கிய நாலைந்து பேரும்தான்.

முடிச்சை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டேன்.

"மரம் ஒன்றுதான். இரண்டு ஊரிலும் வளர்கிறது. நறுக்கின பிறகு சொல்ல முடியாது" என்றேன்.

ராவுத்தர் என்னையே பார்த்தார். பிறகு மூச்சை விட்டுச் சிரித்தார். "அப்பச் சரி. உங்க வாயால கேட்டாச்சு. ரெண்டு மூணு நாளு தண்ணியில ஊறட்டும்னு விட்ட தோலுக இருக்கு. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து இந்தப் பட்டையக் குழியில போட்டுர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை மெட்ராஸ் வண்டிக்கு நான் திரும்புவதைக் கேட்டுக்கொண்டு, பசியாறிப் போகச் சொன்னார். நான் வெளியே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி நழுவினேன். கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் முன் நின்றேன். வாசல் அகலத் திறந்திருந்தது. என் கால்கள் மட்டும் பக்கவாட்டுச் சந்துக்குள் போய், பின்கதவைத் தேடின. டர்பனில் வெள்ளைக்காரர் கடைகளில் எங்களுக்கு அதுதான் வாசல். ரொட்டியின் வயிற்றைக் குடைந்து அதில் குழம்பை ஊற்றிக் கையில் கொடுக்க எங்கள் ஆட்கள் பழகியதும் உட்கார இடமில்லாத ஜனங்களுக்காகத்தான். சந்துக்குள் இலை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாள், "வாசல் அந்தப் பக்கம்ல இருக்கு, எங்குட்டுப் போறீக?" என்றாள். முன்பக்கமாக வந்து, எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து, சீரகச் சம்பாச் சோறு தின்றேன். அரிசி மணி மணியாக இருந்தது.

மறுநாள் குஜிலியம்பாறை பஸ். ஊரைத் தாண்டியதும் பூமி காய்ந்து சிவந்து வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார். "இந்த வண்டிக்குத் தாகம் ஜாஸ்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி, ரெண்டு மைலுக்கு ஒருக்க உபசாரம் பண்ணணும்" என்றார் ஒரு பெரியவர்.

நாங்கள் இறங்கிய இடத்தில் ஒரு தேநீர்க் கடை. எனக்குக் கண்ணாடித் தம்ளரில் வந்தது. கடைக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில், ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையை ஏந்த, கடைக்காரர் எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றினார். தேநீர் ஒரு கம்பியாக இறங்கியது. குடித்துவிட்டு அவன் சிரட்டையைக் கழுவிக் கூரையில் செருகினான். அங்கே அதே மாதிரி இன்னும் மூன்று சிரட்டைகள் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்த பெரியவர், "அவுக வழக்கம் அப்பிடி" என்றார். எங்கள் ஊர்த் துரையும் இதே சொற்களைத்தான், இதே சாந்தத்தோடு சொல்வான். என் தேநீரைப் பாதியில் வைத்தேன். கடைக்காரர் கவனிக்கவில்லை. இந்தக் கடையில் வாங்காதே தாயே என்று எந்த மேடையில் நின்று யாரிடம் படிப்பது? பஸ் கூப்பிட்டது. ஏறிவிட்டேன்.

வெள்ளையம்மா காட்டில் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொட்ட உடம்பு, விறகு மாதிரி. என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதானா என் மச்சான்? கப்பல்காரன் வருவான், கட்டிக்கிட்டுப் போவான்னு எங்காத்தா சொல்லிக்கிட்டே கெடந்தா. நரைச்சப்பறம் வாரியே!"

"கப்பல் தாமதம்" என்றேன்.

"தாமதமாம்ல! நாலு பிள்ளையப் பெத்துப் புருசனையும் மண்ணுல வச்சாச்சு. இனி வந்து என்ன, செத்த நேரம் இந்தத் தட்டையப் பிடி."

பிடித்தேன். அவள் ஒரு தட்டையை முறுக்கினாள், இரண்டு சுற்று, நுனியை உள்ளே செருகினாள், மேலே சின்னக் காது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

கம்பஞ்சோறும் மோரும் போட்டாள். "வெஞ்சனம் ஒண்ணுமில்ல, வெங்காயம்தான். கடிச்சுக்க." தின்றுகொண்டிருக்கும்போது மாட்டுக் கொட்டத்தின் ஓரம் உலர்த்திய பட்டைக் குவியல் ஒன்றைப் பார்த்தேன். மஞ்சளோடிய மெல்லிய பட்டை. ஆவாரை.

"யாருக்கு?"

"திண்டுக்கல் ராவுத்தருக்கு. இங்குட்டு மழை பொய்ச்சா ஆவாரைதான் சோறு. பதினஞ்சு வருசமா வெதைக்காத வெள்ளாமை. பதினஞ்சு நாளைக்கொருக்க வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போகும். இப்ப ரெண்டு நடையா வண்டியக் காணோம். ஆப்பிரிக்காப் பட்டை வந்திருச்சாம்ல."

அதற்குமேல் பைக்குள் வைத்திருக்க முடியவில்லை. முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். ராவுத்தர் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும், தம்பியின் ஐந்து நாள் வேலையையும், அவன் மகள் விட்ட பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். அவள் முடிச்சை மோர்ச் சட்டி கழுவின தண்ணீரில் போட்டாள். சற்று ஊறியதும் எடுத்து, கட்டை விரலால் காதை உள்ளே தள்ளினாள். அது பூ மாதிரி அவிழ்ந்தது.

"எங்க அம்மாச்சி முடிச்சு" என்றாள். "இழுக்க இழுக்க இறுகும். தள்ளுனா அவுந்துக்கிரும். உங்கப்பனுக்கும் எங்காத்தாவுக்கும் அவதான் பழக்குனா." பழையபடி முறுக்கி, செருகி, என்னிடம் நீட்டினாள்.

"ராவுத்தர்ட்டச் சொல்லாத மச்சான்."

"உன் ஆவாரை?"

"எனக்கு நீ கையெழுத்துப் போட வந்திருக்க. கெணறு வரும், வராமயும் போகும். நான் இங்குட்டு எவன் கடையிலயும் போய்ச் சத்தம் போட்டுக் கடன் சொல்லுவேன். அவன் அங்க வாயத் தொறக்க முடியுமா? தம்பி பொழச்சுப் போகட்டும்."

இதைச் சொல்லிவிட்டு வெங்காயத்தின் கடைசித் துண்டையும் என் பக்கம் தள்ளினாள். எனக்கு அப்போது, மேடையில் நான் படித்த வசனத்தின் ஒவ்வொரு வரியும் நினைவுக்கு வந்தது. அதில் வெங்காயம் இல்லை. பட்டை உரிக்கிறவன் இல்லை. தாயும் தழும்பும் மட்டும் இருந்தன.

மூன்றாம் நாள், காட்டை அவள் பெயருக்கு எழுத, பத்திர ஆபீஸ். குமாஸ்தா பேனாவை நிறுத்தி, "எந்த நாட்டுப் பிரஜை?" என்று கேட்டார். பிறந்த நாட்டில் எனக்கு ஓட்டு இல்லை. நினைத்த இடத்தில் வீடு கட்ட முடியாது. பஸ்ஸில் எனக்கு மேல்தட்டின் பின்வரிசை. அதைப் பிரஜை என்று எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. "பிறந்தது நேட்டால்" என்றேன். "அப்ப அப்பிடியே எழுதிக்கிர்றேன்." நான் கையெழுத்துப் போட, வெள்ளையம்மா பெருவிரல் வைத்தாள். மை பட்ட விரலை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "இது போகாது. உன் பொண்டாட்டிக்கு ஞாபகமாக் காட்டு" என்றாள். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, திண்டுக்கல் ஸ்டேஷன். மெட்ராஸ் வண்டி வர நேரமிருந்தது. கோட்டை மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் ராவுத்தர் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சீப்புச் சிறுமலைப் பழம்.

"தோல் கருப்பா இருக்கேன்னு பாக்காதீங்க. உள்ள தேனு. கப்பல் வரைக்கும் தாங்காது, ரயில்லயே தின்றுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எந்தப் பெஞ்சிலும் உட்காரும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவன். இதில் ஒன்றும் எழுதவில்லை. ராவுத்தர் சட்டையில் அத்தர் வாசனை, தொழுகைக்கு உடுத்தியிருந்தார்.

"மூணு நாளாத்தான் சார் நிம்மதியா இருக்கேன்" என்றார். "மருமகன்ட்டச் சொல்லிட்டேன்: நேட்டால்ல பொறந்த மனுசரே பாத்துச் சொல்லிட்டாரு, இனி என் நாக்குக்குக் கேள்வி இல்லன்னு. இன்னைக்குத் தொழுதுட்டு வந்து குழியில போட்ருவோம். அத்தாவுக்கும் கணக்கு நேரா இருக்கும்."

வண்டி வந்தது. புகை எங்கள் இருவரையும் மூடித் திறந்தது. பெட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். அவர் கீழே நின்றுகொண்டிருந்தார், தலையை நிமிர்த்தி. தம்பி பொழச்சுப் போகட்டும் என்றவளின் குரல் காதில் இருந்தது. வாங்குவது யாரென்று கேக்காதே என்றவனின் குரலும். ஆனால் அந்தக் கிழவரின் முகத்தில் என் பொய் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நன்றியோடு உட்கார்ந்திருந்தது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, முடிச்சை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது உங்கள் மூட்டையில் கிடந்தது. இப்படிக் கட்டுகிறவர்கள் எங்கள் சரிவில் மட்டும்தான்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். சிவந்த விரலால் காதைத் தொட்டார், இழுக்கவில்லை.

"எப்பக் கெடச்சுது?"

"முதல் நாளே."

"கட்டுனது யாரு?"

"என் தம்பி. இல்லாவிட்டால் அவன் பக்கத்தில் நிற்கிறவன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தோலெல்லாம் ஊறிக் கெடக்கு. பட்டை போடலன்னா அழுகிரும்" என்றார், தனக்குள் சொல்வது போல. பிறகு, "மூட்டையத் திருப்பி அனுப்பிருவேன் சார்."

"தெரியும்."

"தம்பிக்கு வேலை போயிரும்ல?"

"தெரியும்."

கார்டு விசிலடித்தார். வண்டி ஒருமுறை குலுங்கி, நகர்ந்தது. ராவுத்தர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார். அந்த வயதில் அது ஓட்டம்தான்.

"தம்பி பேரு என்ன?"

"சின்னக்கருப்பன்."

"சின்னக்கருப்பன்" என்று மனப்பாடம் செய்கிறவர் போலச் சொல்லிப் பார்த்தார். பிளாட்பாரம் சரியத் தொடங்கிய இடத்தில் கை கம்பியை விட்டது. புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:

"இன்னைக்குத் தொழுகையில அவருக்காகத் துஆ கேக்கணும்ல சார், அதுக்குத்தான் பேரு!"